இஸ்தான்புல்லில் ஒரு பகல்: லண்டன் - கொழும்பு வழியில் அம்மாவோடு என்ன பார்க்கலாம்?

பனங்கிழங்கு (ஈஸ்ட்ஹாம்):

எல்லோருக்கும் வணக்கம். ஓகஸ்ற்றில் நல்லூர்த் திருவிழாவுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறேன். லண்டனில் இருந்து இஸ்தான்புல் வழியாகக் கொழும்பு. ரிக்கெற் இன்னும் எடுக்கவில்லை. விலை ஒத்துவருவது இரண்டு: சனிக்கிழமை காலை ஆறு மணிபோல இஸ்தான்புல்லில் இறங்கி இரவு எட்டரைக்குக் கொழும்பு விமானம், அல்லது அதே நேரங்களில் ஞாயிற்றுக்கிழமை. இரண்டு பேருக்கும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட், அதனால் விசா தேவையில்லை.

விமான நிலையத்துக்குள் குந்தியிருந்து கழுத்துத் தலையணையோடு சண்டை பிடிக்க விருப்பமில்லை. வெளியே போகத்தான் போகிறோம். எனக்கு ஆயா சோபியா பார்க்க வேண்டும். அம்மாவுக்கு அந்தப் பெரிய மூடு சந்தை. அம்மாவுக்கு 68 வயது, நன்றாக நடப்பா, ஆனால் படிக்கட்டைக் கண்டால் முழங்கால் முறைக்கும். இன்னொன்று, கொடியேறிவிட்டால் தேர் முடியும்வரை அவ சைவம். துருக்கியில் அவவுக்கு என்ன சாப்பிடக் குடுப்பது?

போய் வந்தவர்கள் சொல்லுங்கோ. சனியா, ஞாயிறா?

---

பெர்லின்_பூவரசு:

சனி. யோசிக்கவே வேண்டாம். மூடு சந்தைக்கு, அதாவது கிராண்ட் பஜாருக்கு, ஞாயிறு விடுமுறை. பூட்டிய கதவைக் காட்டி அம்மாவிடம் ஏச்சு வாங்காதீர்கள். எகிப்தியச் சந்தை எனப்படும் மசாலாச் சந்தை ஞாயிறும் திறந்திருக்கும், ஆனால் அதைச் சுற்றியுள்ள மொத்த வியாபாரத் தெருக்களில் பாதி மூடிக்கிடக்கும்.

நான் பெர்லினில் துருக்கியர் நடுவே வாழ்கிறேன், அந்த ஊருக்கு அடிக்கடி போய்வருகிறேன். ஒரு பகலுக்கு என் கணக்கு இதுதான். விமானம் ஆறுக்கு இறங்கினாலும் குடிவரவு வரிசை தாண்டி வெளியே வர ஏழு, ஏழரை ஆகும். நகரம் அங்கிருந்து 40 கிலோமீற்றர் அளவு. எட்டரை விமானத்துக்கு ஐந்தரைக்குள் நிலையத்தில் நிற்க வேண்டும் என்றால் நகரத்தை விட்டு நாலு, நாலேகாலுக்குக் கிளம்ப வேண்டும். ஆகக் கையில் இருப்பது எட்டரை முதல் நாலு வரை. அதற்குள் பொஸ்பரஸ் கடலுலா, கலாத்தா கோபுரம், தோல்மாபாச்சே அரண்மனை, தக்சிம் என்று பட்டியல் போட்டால் ஒன்றையும் பார்க்க மாட்டீர்கள். பழைய நகரத்தின் ஒரே வரிசையைப் பிடியுங்கள்: சுல்தானாமெத்தில் தொடங்கி, பெயாசித் வழியாக மேட்டிலிருந்து இறங்கி, எமினோனு கடற்கரையில் முடிப்பது. மேலிருந்து கீழாக நடப்பதுதான் இதன் சூட்சுமம். தலைகீழாகச் செய்தால் அம்மாவின் முழங்கால் உங்களை மன்னிக்காது.

---

சிராங்கூன்_நடையன்:

தம்பி, உங்கள் விமானம் டர்கிஷ் ஏர்லைன்ஸ் என்றால் ஏன் இவ்வளவு கணக்கு? இடையில் 6 முதல் 24 மணி நேரம் வரை காத்திருக்கும் பயணிகளுக்கு அவர்களே இலவசச் சுற்றுலா நடத்துகிறார்கள். பஸ், வழிகாட்டி, சாப்பாடு, நுழைவுச்சீட்டு எல்லாம் சேர்த்து. விமான நிலையத்தில் அதற்கென்று மேசை இருக்கிறது, போய்ப் பெயர் கொடுத்தால் போதும். வயதான அம்மாவோடு மெட்ரோ மாறி மாறி அலைவதைவிட ஏசி பஸ்ஸில் உட்கார்ந்து போவது மேல். திரும்பக் கொண்டுவந்து விடும் பொறுப்பும் அவர்களுடையது, விமானத்தைத் தவறவிடும் பயம் இல்லை. நான் என் மனைவியோடு அப்படித்தான் போனேன். குறை சொல்ல ஒன்றுமில்லை.

---

பெர்லின்_பூவரசு:

> ஏசி பஸ்ஸில் உட்கார்ந்து போவது மேல்

நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை. முதல்முறை போகிறவர், தனியாக அலையப் பயப்படுகிறவர் அதிலேயே போகலாம். ஆனால் கொடி பிடித்தவர் பின்னால் போகிறவர்களுக்குச் சந்தையில் நின்று விலை பேச நேரம் கிடைக்காது. இவர் அம்மா போவதே சந்தைக்காக. குழுவின் சாப்பாட்டில் சைவம் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரு தட்டு சாலட்டும் சோறும் வரும்.

---

கல்வெட்டுக்கிறுக்கன்:

இழை நம்ம பக்கம் வந்துவிட்டது, விடுவேனா.

சுல்தானாமெத்தில் டிராமை விட்டு இறங்கியதும் எல்லோரும் ஆயா சோபியா வரிசைக்கு ஓடுவார்கள். நீங்கள் முதலில் எதிர்ப்பக்கம் திரும்புங்கள். நீல மசூதிக்கு முன்னால் நீளமாக ஒரு பூங்கா மாதிரி இருப்பதுதான் பைசாந்தியர்களின், அதாவது துருக்கியருக்கு முன் இந்த ஊரை ஆண்ட கிழக்கு ரோமரின், தேரோட்டத் திடல், ஹிப்போட்ரோம். காசு கிடையாது, வரிசை கிடையாது, படி கிடையாது. அங்கே மூன்று தூண்கள் நிற்கின்றன. ஒன்று எகிப்தின் கர்னாக் கோயிலிலிருந்து வந்தது. எகிப்திய மன்னன் மூன்றாம் துட்மோஸ் வெட்டியது, ஏறத்தாழ 3500 வயது. ரோமப் பேரரசன் முதலாம் தியோடோசியஸ் அதை கி.பி. 390-ல் இங்கே நிறுத்தினான். கல்லில் சித்திர எழுத்துகள் நேற்று வெட்டியதுபோல் இருக்கும். அதன் அடிப்பீடத்தைத்தான் குனிந்து பார்க்க வேண்டும். அரசன் தன் மாடத்தில் உட்கார்ந்து பந்தயம் பார்க்கிறான், கீழே ஆட்டக்காரிகளும் இசைக்காரர்களும் வரிசையாக. இன்னொரு பக்கத்தில் இதே தூணைக் கயிறு கட்டி நிமிர்த்தும் காட்சியையே செதுக்கி வைத்திருக்கிறார்கள்.

பக்கத்திலேயே பச்சை பிடித்த வெண்கலத்தில் முறுக்கிக்கொண்டு நிற்பது பாம்புத்தூண். கி.மு. 479-ல் பிளாத்தேயாவில் பாரசீகரைத் தோற்கடித்த கிரேக்க நகரங்கள், அந்தக் கொள்ளைப் பொருளில் செய்து டெல்பி கோயிலுக்குக் கொடுத்தது. பேரரசன் கான்ஸ்டன்டைன் இங்கே தூக்கி வந்துவிட்டான். மூன்று பாம்புத் தலைகளும் போய்விட்டன. ஒன்றின் மேல்பாகம் மட்டும் இதே ஊர்த் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இந்தத் தூண்கள் பள்ளத்துக்குள் நிற்பதைக் கவனியுங்கள். அந்தப் பள்ளத்தின் அடிதான் அன்றைய தரை. நீங்கள் நிற்பது அதன்மேல் நூற்றாண்டுகளாகச் சேர்ந்த மண்.

பிறகு நீல மசூதி. 1609-ல் தொடங்கி 1616-ல் முடித்தது, ஆறு மினார்கள், உள்ளே 20,000-க்கு மேல் இஸ்னிக் ஊர் வண்ண ஓடுகள். நுழைவு இலவசம். தொழுகை நேரத்தில் சுற்றுலாக்காரர்களை விடமாட்டார்கள். ஓகஸ்ட்டில் நண்பகல் தொழுகை ஒன்றேகால் அளவில் வரும், காலையிலேயே முடித்துவிடுங்கள். அம்மா சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டால் போதும்.

அதன்பிறகு ஆயா சோபியா. பேரரசன் ஜஸ்டினியன் காலத்தில் தேவாலயமாக 532-ல் தொடங்கி 537-ல் திறந்துவிட்டார்கள், ஐந்தே ஆண்டு. இருபது ஆண்டு கழித்து நிலநடுக்கங்களுக்குப் பின் 558-ல் குவிமாடம் விழுந்தது. முன்னைவிட உயர்த்திக் கட்டி 562-ல் மறுபடி திறந்தார்கள். 1453-ல் துருக்கியர் நகரைப் பிடித்ததும் மசூதி, 1930-களில் அருங்காட்சியகம், 2020 ஜூலையிலிருந்து மறுபடி மசூதி. இதுதான் முக்கியம்: 2024 ஜனவரி முதல் வெளிநாட்டுச் சுற்றுலாக்காரர்களுக்கு மேல்மாடம் மட்டும்தான், தலைக்கு 25 யூரோ.

---

சிராங்கூன்_நடையன்:

25 யூரோ, கீழ்த்தளத்தில் கால் வைக்க முடியாது, போதாக்குறைக்குக் குவிமாடத் திருத்தப் பணிக்கு உள்ளே சாரம் வேறு. இரண்டு பேருக்கு 50 யூரோ. நான் வெளியே நின்று பார்த்தால் போதும் என்பேன். அதே காசில் அம்மாவுக்கு நல்ல சால்வை வாங்கலாம்.

---

கல்வெட்டுக்கிறுக்கன்:

> வெளியே நின்று பார்த்தால் போதும்

வெளியே இருந்து பார்த்தால் அது ஒரு சிவப்புக் கற்குவியல், அண்ணே. முட்டுக்கொடுத்து முட்டுக்கொடுத்து ஊதிப்போன கட்டடம். அதன் சங்கதி எல்லாம் உள்ளேதான். 31 மீட்டர் அகலக் குவிமாடம், அடியில் வளையமாக 40 ஜன்னல்கள். வெளிச்சம் நுழையும்போது குவிமாடம் எதன்மேல் நிற்கிறது என்றே பிடிபடாது. சாரம் ஒரு பகுதியை மறைக்கும், உண்மைதான். ஆனால் மேல்மாடத்தில் இருப்பவை கீழே கிடையாது. மகாராணி ஸோயி மொசைக்கில் கணவனின் முகத்தையும் பெயரையும் பெயர்த்துவிட்டு அடுத்த கணவனுடையதைப் பதித்திருக்கிறார்கள். ஸோயிக்கு மூன்று திருமணம், கலைஞருக்கு வேலை மிச்சம். தெற்கு மாடத்தின் பளிங்குக் கைப்பிடியில் ஹால்ப்தான் என்ற வைக்கிங் கூலிப்படைக்காரன் பெயர் கிறுக்கியிருக்கிறான். பள்ளிக்கூட மேசையில் நாம் கிறுக்கியதற்கு ஒரு முன்னோடி. இயேசு, மரியாள், திருமுழுக்கு யோவான் மூவரும் உள்ள தெய்சிஸ் மொசைக்கில் கீழ்ப்பாதி உதிர்ந்துபோனாலும் மூன்று முகங்களும் நிற்கின்றன. ஜன்னல் வெளிச்சம் எந்தப் பக்கம் வருகிறதோ அதற்கேற்ப நிழல் தீட்டியிருப்பார்கள். இதற்கு 25 யூரோ கொடுப்பேன், முணுமுணுத்துக்கொண்டே கொடுப்பேன்.

பனங்கிழங்குக்கு ஒரு எச்சரிக்கை: மேல்மாடத்துக்குப் படிக்கட்டு இல்லை, கல் பாவிய சரிவுப் பாதை. வளைந்து வளைந்து ஏறும், வழுவழு என்று தேய்ந்திருக்கும். மெதுவாக ஏறினால் அம்மாவால் முடியும். எதிரே உள்ள பசிலிக்கா நிலவறைத் தொட்டிக்குத்தான் ஐம்பது சொச்சம் படிகள், கீழே ஈரம். 336 தூண்கள், தலைகீழாகவும் பக்கவாட்டிலும் கிடத்திய பாம்புக் கூந்தல்காரி மெதூசாவின் இரண்டு கல் தலைகள், அழகுதான். உங்கள் நிலைமையில் விட்டுவிடுவேன்.

---

தூங்காநகரத்தான்:

இந்திய பாஸ்போர்ட்காரர்கள் இதைப் படித்துவிட்டு அப்படியே கிளம்பிவிடாதீர்கள். நமக்கு விசா வேண்டும். கையில் செல்லுபடியாகும் அமெரிக்க, பிரிட்டிஷ், அயர்லாந்து அல்லது ஷெங்கன் விசாவோ குடியிருப்பு அனுமதியோ இருந்தால் இணையத்திலேயே இ-விசா எடுக்கலாம். ஆதாரமாகக் காட்டும் அந்த விசா தாளிலோ அட்டையிலோ இருக்க வேண்டும், எலக்ட்ரானிக் விசாவை ஆதாரமாக ஏற்க மாட்டார்கள். விமான நிறுவனத்தின் இலவசச் சுற்றுலாவுக்கும் இது பொருந்தும், வெளியே கால் வைத்தாலே விசா. சிங்கப்பூர், மலேசியா பாஸ்போர்ட்காரர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. அதனால்தான் சிராங்கூன் அண்ணன் இவ்வளவு ஜாலியாக எழுதுகிறார்.

---

சிராங்கூன்_நடையன்:

ஜாலிதான், ஹாஹா. ஆனால் விசா விவரத்தைப் போட்டது நல்லது தம்பி, போன மாதம் எனக்குத் தெரிந்த ஒருவர் இது தெரியாமல் நிலையத்துக்குள்ளேயே பகல் முழுக்கச் சுற்றினார்.

---

பனங்கிழங்கு (ஈஸ்ட்ஹாம்):

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை ரிக்கெற் எடுத்துவிட்டேன். ஆயா சோபியா போகிறோம், நிலவறை இல்லை. பூவரசு அண்ணை, சந்தையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கோ. அம்மா "நகைக்கடை இருக்கோ" என்று ஏற்கெனவே கேட்டுவிட்டா. பிறகு சாப்பாடு?

---

பெர்லின்_பூவரசு:

நகைக்கடையா! சந்தையின் முதன்மைத் தெருவே நகைதான். கல்பக்சிலார் என்று பெயர், நூருஸ்மானியே வாசலுக்கும் பெயாசித் வாசலுக்கும் நடுவே நேர்கோடாக ஓடும். இரண்டு பக்கமும் கண்ணாடிக்குள் தங்கக் காப்புகள் குழாய் குழாயாக அடுக்கியிருக்கும். துருக்கியர்களும் நம்மைப் போலத்தான், கலியாணத்துக்கு 22 கரட் காப்பு, தங்க நாணயம். நாணயத்தைச் சிவப்பு நாடாவில் கோத்து மணப்பெண்ணின் உடுப்பில் குத்திவிடுவார்கள். கால் நாணயம் என்று ஒன்று உண்டு, 1.75 கிராம், 22 கரட். சொந்தக்காரர் வீட்டுக் கலியாணத்துக்கு எல்லோரும் கொண்டுபோவது அதுதான்.

சந்தையின் வயதைக் கேட்டால் கிறுக்கன் அண்ணன் ஒரு பக்கம் எழுதுவார், நான் ஒரு வரியில் சொல்கிறேன்: நகரம் 1453-ல் துருக்கியர் கையில் வந்த சில ஆண்டுகளில் சுல்தான் இரண்டாம் மெஹ்மத் தொடங்கியது, இன்று 60-க்கு மேல் தெருக்கள், ஏறத்தாழ 4000 கடைகள். நடுவில் பழைய பெதெஸ்தான், தடித்த சுவரும் குவிமாடமும் உள்ள மண்டபம். பழைய வெள்ளி, கடிகாரம், செம்புப் பாத்திரம் எல்லாம் அங்கே. ஓரங்களில் ஹான் எனப்படும் முற்றங்கள் இருக்கின்றன. முன்காலத்து வணிகர் சத்திரம், இப்போது பட்டறை. சின்சிர்லி ஹானுக்குள் நுழைந்து பாருங்கள். இளஞ்சிவப்புச் சுவர், நடுவே பளிங்கு நீர்த்தொட்டி, கூட்டம் திடீரென்று காணாமல் போய்விடும்.

விலை பேசுவது பற்றி: ஆடை, விளக்கு, பீங்கான், தோல் பைக்குப் பேசலாம். வாங்கும் எண்ணம் இல்லாமல் விலை பேசாதீர்கள், நீங்கள் சொன்ன விலைக்கு அவர் ஒத்துக்கொண்டபின் நழுவினால் முகம் சுளிப்பார்கள். தங்கத்தின் எடைக்கான விலை பலகையில் ஓடிக்கொண்டிருக்கும், அதில் பேச்சுக்கு இடமில்லை. செய்கூலியில் மட்டும் பேசலாம். தேநீர் கொடுப்பார்கள், குடிக்கலாம், குடித்ததற்காக வாங்க வேண்டியதில்லை. அட்டையில் காசு கட்டும்போது மெஷின் "பவுண்டா, லிராவா" என்று கேட்டால் லிரா. பவுண்டை அழுத்தினால் மாற்று விகிதத்தில் கடித்துவிடும்.

சந்தையின் வடக்குப் பக்கம் வெளியே வந்தால் மஹ்முத்பாஷா இறக்கம். சுற்றுலாக்காரர் குறைவு, உள்ளூர் சனம் கலியாண உடுப்பு, பாத்திரம், குழந்தை உடுப்பு வாங்கும் தெரு. சனிக்கிழமை மத்தியானம் அது நம்ம தி.நகர் ரங்கநாதன் தெருவேதான், சரிவில் கட்டியது மட்டும் வித்தியாசம். அப்படியே கூட்டம் உங்களை எமினோனுவில் கொண்டுபோய் இறக்கிவிடும். இறக்கமும் முழங்காலுக்கு ஆகாது என்றால் பெயாசித்திலிருந்து டிராம் பிடியுங்கள், அதே இடத்துக்குத்தான் போகும்.

கடைசிக் குறிப்பு. திரும்பும்போது எமினோனுவிலிருந்து பாலத்தைத் தாண்டிக் கராக்கோய். அங்கே துனெல் என்று ஒரு குட்டிச் சுரங்க ரயில், 1875-ல் திறந்தது. நகரச் சுரங்க ரயில்களில் உங்கள் லண்டனுக்கு அடுத்த மூத்தது. ஒரே ஏற்றம், மேலே கொண்டுபோய் விடும். அங்கிருந்து எட்டிப்பிடிக்கும் தூரத்தில் ஷிஷானே மெட்ரோ, கைரெத்தெப்பேயில் மாறினால் விமான நிலைய வழி. மேடு ஏற வேண்டியதே இல்லை. ஒரே இஸ்தான்புல்கார்ட் அட்டை டிராம், மெட்ரோ, துனெல், படகு எல்லாவற்றுக்கும் செல்லும்.

---

லாசப்பல்_அக்கா (பாரிஸ்):

சாப்பாட்டுக்கு நான் வருகிறேன். என் மாமியாரும் கந்தசஷ்டி, நல்லூர் என்று விரதக்காரி. அவவோடு இஸ்தான்புல்லில் நின்ற அனுபவம் இருக்கிறது.

தம்பி, காலையில் பிரச்சினையே இல்லை. தெருமூலை வண்டிகளில் சிமித், எள் ஒட்டிய வளையப் பாண். அதோடு வெள்ளைச் சீஸ், ஒலிவ், தக்காளி, வெள்ளரிக்காய், தேன். துருக்கிக் காலைச் சாப்பாடே பாதி சைவம், முட்டையை மட்டும் வேண்டாம் என்று சொல்லவேணும். மத்தியானம் கவனம். பருப்புச் சூப் எல்லாக் கடையிலும் உண்டு, மைசூர்ப் பருப்பை மசித்து எலுமிச்சை பிழிந்து தருவார்கள், ஆனால் சில இடத்தில் எலும்புத் தண்ணியில் வைப்பார்கள். வெள்ளைச் சோற்றைக்கூடக் கோழி அவித்த தண்ணியில் வேகவைக்கும் கடைகள் இருக்கின்றன. சுலைமானியே பள்ளிவாசலுக்கு எதிரே வரிசையாக அவரைக்கறிக் கடைகள், பார்க்கச் சைவம்போல இருக்கும், உள்ளே இறைச்சித் துண்டு கிடக்கும். "எத்சிஸ்" என்றால் இறைச்சி இல்லாமல். அதோடு நிறுத்தினால் கோழியைப் போட்டுவிடுவார்கள், "தவுக் யோக்" என்றும் சேர்த்துச் சொல்லவேணும். போனில் "இறைச்சி, கோழி, மீன், முட்டை, எலும்புச் சாறு எதுவும் வேண்டாம்" என்று துருக்கியில் எழுதி வைத்துக் காட்டினால் இன்னும் நல்லது.

நம்பிச் சாப்பிடக்கூடியது கொஸ்லெமே. மெல்லிசாகத் தேய்த்த ரொட்டிக்குள் கீரை, சீஸ் அல்லது உருளைக்கிழங்கு வைத்துக் கண்முன்னால் தகட்டில் சுடுவார்கள். தகட்டில் முதலே இறைச்சி சுட்டார்களா என்று மட்டும் பார்க்கவேணும். என் மாமியார் இரண்டு சாப்பிட்டுவிட்டு மூன்றாவதைப் பார்சல் கட்டச் சொன்னவ. எமினோனுவில் பாலத்தடியில் மீன் பொரிக்கிற வாசம் அடிக்கும். விரதக்காரரைக் காற்று வராத பக்கமாகக் கூட்டிக்கொண்டு போங்கோ.

---

தூங்காநகரத்தான்:

ஏமாற்று வேலைகளையும் சொல்லிவிடுகிறேன். கலாத்தா பாலத்துப் பக்கம் செருப்புத் துடைப்பவர் உங்கள் முன்னால் நடந்து போகும்போது பிரஷ்ஷைக் கீழே தவறவிடுவார். எடுத்துக் கொடுத்தால் நன்றிக்கடன் என்று ஷூவைத் துடைக்க ஆரம்பித்து, முடிவில் பெரிய தொகை கேட்பார். பிரஷ் அங்கேயே கிடக்கட்டும். சுல்தானாமெத்தில் "எந்த ஊர்?" என்று நட்பாகத் தொடங்குபவர் மூன்றாவது நிமிடத்தில் தன் மாமாவின் கம்பளக் கடைக்கு வழிகாட்டுவார். டாக்சியில் மீட்டரைப் பாருங்கள். ஒருமுறை என்னை ஊரைச் சுற்றிக்காட்டிக் காசு வாங்கினார் ஒருவர், காட்சி நன்றாக இருந்ததால் பாதிக் கோபம்தான் வந்தது.

---

பனங்கிழங்கு (ஈஸ்ட்ஹாம்):

ஊரிலிருந்து எழுதுகிறேன். தேர் நல்லபடியாக முடிந்தது. இழையில் சொன்னவர்களுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டாமா.

குடிவரவில் வரிசை நீளம்தான், ஆனால் வேகமாக நகர்ந்தது. மெட்ரோவில் வரும்போது தங்கக் கொம்பு என்ற கடற்கழிக்கு மேலே ரயில் சுரங்கத்திலிருந்து வெளியே வந்து பாலத்தில் நின்றதே, அதை ஒருவரும் எழுதவில்லை! கதவு திறக்க, ஒரு கரையில் கலாத்தா கோபுரம், மற்றக் கரையில் சுலைமானியே. அம்மா சுற்றுலா முடிந்துவிட்டது என்று நினைத்து இறங்கப் பார்த்தா.

ஹிப்போட்ரோமில் கிறுக்கன் அண்ணா சொன்ன பீடத்தைக் குனிந்து பார்த்தோம். கயிறு கட்டித் தூணை நிமிர்த்தும் காட்சியில் அம்மா வடம் பிடிப்பவர்களை எண்ணத் தொடங்கிவிட்டா. தேருக்குப் போகிறவர் கண் அங்கேதான் போகும் போல. ஆயா சோபியாவில் சாரம் நிற்கிறது, குவிமாடம் முழுதாகத் தெரியவில்லை. ஆனாலும் 25 யூரோ எனக்கு நோகவில்லை. அம்மாவுக்கு நொந்தது. சரிவுப் பாதையில் மூன்று இடத்தில் நின்று நின்று ஏறினா. ஸோயி கதையைச் சொன்னேன், "அப்ப மூன்றாவது ஆள் கெட்டிக்காரன், படம் நிலைச்சிட்டுது" என்றா.

சந்தையில் ஒரு மணி நேரம் என்று திட்டம். இரண்டரை மணி நேரம் போனது, அதனால் படகு, கடல் எல்லாம் கைவிடப்பட்டது. ஒரு நகைக்கடையில் அம்மா ஒரு காப்பைக் கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தா. கடைக்காரர் தராசில் வைக்க முன்னமே "பன்னிரண்டு கிராம் வரும்" என்று தமிழில் சொன்னா. தராசு 12.3 காட்டியது. கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் விரல் காட்டிச் சொன்னது விளங்கிவிட்டது. உடனே உள்ளே குரல் கொடுத்துத் தேநீர் எடுத்துவித்தார். இடை சிறுத்த கண்ணாடிக் குவளை, பால் இல்லை, பக்கத்தில் இரண்டு சீனிக் கட்டி. பால் இல்லாத தேத்தண்ணியை வருத்தக்காரரின் குடிப்பாக நினைக்கிறவ, மரியாதைக்குக் குடித்தா, பிறகு இன்னொன்று வாங்கினா. செய்கூலி வரை பேச்சு வந்தது, கடைசியில் வாங்கவில்லை. யாழ்ப்பாணத்து நகைக்கடைக்காரரின் வேலைதான் அவவுக்கு ஒத்துவருமாம். கடைக்காரர் கோபிக்கவில்லை, வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

உண்மையான சண்டை மசாலாச் சந்தையில்தான். ஒரு கடையில் கறுவா என்று தடித்த பட்டையை எடுத்து நீட்டினார்கள். அம்மா வாங்கி ஒடித்துப் பார்த்தா. ஒடியவில்லை. "இது கறுவா இல்லை, மரம்" என்று திருப்பிக் கொடுத்தா. அவர் சிரித்துக்கொண்டு பின்தட்டிலிருந்து இன்னொன்றை எடுத்தார். தாள் தாளாகச் சுருட்டிய மெல்லிய பட்டை, "சீலான், சீலான்" என்றார். விலையைக் கேட்டதும் அம்மாவுக்கு வாய் அடைத்துவிட்டது. ஊரில் அந்தக் காசுக்கு ஒரு கட்டு வாங்கலாம் என்று கொழும்பு வரை சொல்லிக்கொண்டு வந்தா. கடைசியில் வாங்கியது காய்ந்த அத்திப்பழமும் பிஸ்தா வைத்த லோக்கும் இனிப்பும்.

கொஸ்லெமேக்கு லாசப்பல் அக்காவுக்கு நன்றி. கீரையும் சீஸும் வைத்தது, கல்லிலிருந்து நேரே தட்டுக்கு. துனெல் ரயிலுக்குப் பூவரசு அண்ணைக்கு நன்றி. ஐந்தேகாலுக்கு விமான நிலையத்தில் நின்றோம்.

---

கல்வெட்டுக்கிறுக்கன்:

மூன்றாவது ஆள் பற்றிய அம்மாவின் கருத்தை எந்த ஆய்வாளரும் இப்படிச் சுருக்கிச் சொன்னதில்லை. ருஸ்தெம் பாஷா மசூதிக்கு ஏறினீர்களா? மசாலாச் சந்தையை ஒட்டிய ஹசிர்ஜிலார் தெருவில், கடைகளுக்கு மேலே ஒளிந்திருக்கும். சுல்தான்களின் தலைமைக் கட்டடக் கலைஞர் சினான் கட்டியது, 1560-களின் தொடக்கம். அந்த ஓடுகளில் ஒரு தக்காளிச் சிவப்பு இருக்கும், நீல மசூதி கட்டிய காலத்தில் அந்தச் சிவப்பு மங்கிப்போய்விட்டது.

---

பனங்கிழங்கு (ஈஸ்ட்ஹாம்):

இல்லை அண்ணா. வாசலில் ஒடுக்கமான படிக்கட்டு. அம்மா கீழே அத்திப்பழக் கடையில் நின்றா, நான் ஏறலாம் என்று பார்த்தேன், கூட்டத்தில் தனியே விட மனம் வரவில்லை.

---

பெர்லின்_பூவரசு:

குங்குமப்பூ வாங்கவில்லையே? அங்கே "துருக்கிக் குங்குமப்பூ" என்று மலிவாக விற்பது குசும்பப்பூ. நிறம் வரும், மணம் வராது. முன்னமே எழுத நினைத்தேன், நகைப் பேச்சில் விட்டுப்போனது. அம்மா இருக்கும்வரை பயமில்லை என்று இப்போது தெரிகிறது.

---

கிள்ளான்_காற்று:

பழைய இழையை எழுப்புவதற்கு மன்னிக்கவும். எங்கள் விமானம் இறங்குவது சபிஹா கொக்சன் என்ற நிலையம், கிளம்புவது பெரிய இஸ்தான்புல் நிலையத்திலிருந்து. நடுவில் ஒன்பது மணி நேரம். இதே திட்டம் சரிவருமா?

---

பெர்லின்_பூவரசு:

இதே திட்டம் வேண்டாம். சபிஹா கொக்சன் ஆசியக் கரையில் இருக்கிறது, மற்றது ஐரோப்பியக் கரையின் வடக்கு மூலையில். இரண்டு வெவ்வேறு ரிக்கெற் என்றால் பெட்டியை நீங்களே எடுத்து மறுபடி போட வேண்டியிருக்கும். பெட்டி இல்லாமல் கைப்பையோடு வந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள்: நிலையத்திலிருந்து மெட்ரோவில் கடைசி நிறுத்தமான கடிகோய் வரை, அங்கிருந்து படகில் எமினோனு, இருபது நிமிடம். படகின் வெளி வாங்கில் இருந்தால் தோப்காப்பி அரண்மனை முனையும் பழைய நகரத்தின் குவிமாடங்களும் எதிரே வந்துகொண்டிருக்கும், பனங்கிழங்கு தவறவிட்ட கடல் உங்களுக்குக் கிடைக்கும். இறங்கி மசாலாச் சந்தை, ருஸ்தெம் பாஷா, ஒரு கொஸ்லெமே, அப்புறம் நேராகத் துனெல், மெட்ரோ. மேட்டுக்கு ஏறி ஆயா சோபியா வரிசையில் நிற்க முயலாதீர்கள். என்ன கிழமை என்று சொன்னால் மேலே எழுதுகிறேன்.